இரண்டு மலையும் ஒரு சூரியனும்

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இன்று சாயங்காலம் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "கண்ணு, இயற்கைக் காட்சி ஒன்று வரை, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் சித்திரம் தயாராகியிருக்கும். அதில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலே நான் சொல்லிவிடுகிறேன். முக்கோணமாக இரண்டு மலைகள். நடுவிலே பாதிச் சூரியன். அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கிரணங்கள். மலையடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வீட்டோரத்தில் ஒரு தென்னை மரம். ஆகாயத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் போல நாலு பட்சிகள்.

சரிதானே? மாம்பலத்துப் பிள்ளையும் இதைத்தான் போடுகிறது. மலை என்பதையே கண்ணால் பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் போடுகிறது. நம் தாயார்மார் போட்டதும் இதுதான். அந்த இரண்டு மலைகளும் எந்த ஜில்லாவில் இருக்கின்றன என்று இதுவரை யாரும் கண்டுபிடித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல, தலைமுறை தலைமுறையாக அவை பத்திரமாக வந்துகொண்டிருக்கின்றன.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் வரையில் இது ஒரு வேடிக்கை. ஆனால் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் போய் நின்று பார்த்தால் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டி என்ற ஊர் இருக்கிறதல்லவா? அங்கே இறங்கிக் கிழக்குப் பக்கமாகப் பஸ்ஸில் போனால் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை வந்துவிடும். அந்தக் கரையோரத்து ஊர் சுண்ணாம்புக்குளம். ஊரின் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியின் அடியில் பழைய காலத்துக் கிளிஞ்சல்கள் படுகை படுகையாகக் கிடந்ததும், அவற்றைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பியதும் அந்தப் பிராந்தியத்தார் அனைவரும் அறிந்த சங்கதி. ஒடிஸாவில் இருக்கும் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடையது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே, நீளமாகப் படுத்திருக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிக்கோட்டா.

கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீர். அதற்கப்பால் ஒரு கோடு போலத் தீவு. அதற்கு மேலே ஆகாயம். சூரியன் உதிக்கிற திக்கில் மலை என்ற பேச்சே இல்லை. எந்த ஆறும் வீட்டு வாசலில் வளைந்து ஓடவில்லை. ஆனாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் காகிதத்தைக் கொடுத்தால் என்ன வருகிறது என்கிறீர்கள்? அதே இரண்டு மலை, அதே பாதிச் சூரியன்!

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம், ஹைஸ்கூல் பிள்ளைகளுக்காகச் சர்க்கார் நடத்தும் சித்திரப் போட்டிகள். மத்திய சர்க்கார் 2015-ஆம் ஆண்டில் 'கலா உத்சவ்' என்று ஒன்றை ஆரம்பித்தது. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்களுக்கான போட்டி அது. பாட்டு, நடனம், நாடகம், சித்திரம் என்று தொடங்கி, 2020-க்குள் உள்ளூர் விளையாட்டுப் பொம்மைகள் செய்வது வரையில் பிரிவுகள் விரிந்தன. நம் ராஜ்யத்துப் பள்ளிக் கல்வித் துறை, 2022-23 கல்வியாண்டில் 'கலைத் திருவிழா' என்று தன் பங்குக்கு ஒரு பெரிய ஏற்பாட்டைச் செய்தது. முதலில் சர்க்கார் பள்ளிகளில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை என்று இருந்தது. பிற்பாடு சின்ன வகுப்புகளையும், உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் பள்ளிக்கூடத்திலேயே போட்டி, ஜெயித்தவர்கள் வட்டாரத்துக்கு, அங்கே ஜெயித்தவர்கள் ஜில்லாவுக்கு, கடைசியில் ராஜ்ய அளவில். அங்கே முதன்மையாக வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா என்றும் சர்க்கார் அறிவித்தது.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. சங்கீத வகுப்புக்கும் சித்திர வகுப்புக்கும் மாதாமாதம் பணம் கட்ட வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மேடை எப்போதும் உண்டு. ஏரிக்கரையிலிருந்து வருகிற பிள்ளைக்கும் ஒரு மேடையைச் சர்க்கார் போட்டுக் கொடுத்தால் அதை வாழ்த்தாமல் என்ன செய்வது? நம் நாட்டில் குழந்தைகளுக்கான சித்திரப் போட்டி என்று நெடுநாள் பெயர் பெற்றது, டில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் நடத்தியது. 1949-ல் தமது வாரப் பத்திரிகையின் குழந்தைகள் மலருக்காக அதைத் தொடங்கினார். அடுத்த வருஷமே உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் கலந்துகொள்ளலாம் என்று ஆயிற்று. 1952 முதல், பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டி வைத்து அங்கேயே வரையச் சொல்லும் வழக்கமும் வந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அப்பா வரைந்த படத்துக்குப் பிள்ளை பரிசு வாங்கும் அநியாயம் நடக்காது! இன்றைய சர்க்கார் போட்டிகளிலும் பிள்ளைகள் நேரில் வந்துதான் வரைந்தாக வேண்டும். ஆகையால் பெற்றோர்களின் கையை அங்கே கட்டிப் போட்டாயிற்று.

ஆனால் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் முன்கூட்டியே பிள்ளையின் தலைக்குள் போட்டு வைத்திருக்கும் படத்தை என்ன செய்வது?

போட்டிக்குப் பொதுவாக ஒரு கருப்பொருள் கொடுத்துவிடுகிறார்கள். 2015-ல் முதல் கலா உத்சவத்துக்குப் பெண் குழந்தையைக் காப்போம், படிக்க வைப்போம் என்பது விஷயம். நம் கலைத் திருவிழாவுக்கு 2025-26-ல் 'பசுமையும் பாரம்பரியமும்' என்று வைத்தார்கள். அழகான தலைப்புத்தான். ஆனால் "சுற்றுச்சூழல்" என்றோ "பசுமை" என்றோ சொன்னவுடன் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பிள்ளைகள் என்ன வரைகின்றன, தெரியுமா? இரண்டு கைகள் ஏந்திப் பிடித்திருக்கும் பூமி உருண்டை. உருண்டைக்கு இரண்டு கண்கள். அவற்றிலிருந்து நீல நிறத்தில் கண்ணீர். உருண்டையின் ஒரு பாதியில் மரங்கள். மறு பாதியில் புகை கக்கும் ஆலைகள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். இரண்டு மலையும் ஒரு சூரியனும் பரிசு வாங்குவதற்காக வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பழவேற்காட்டு ஏரிக்கரைப் பிள்ளை எதற்காகப் பூமி உருண்டையைத் தேடிப் போக வேண்டும்? அதன் வாசலில் இருப்பதைப் பாருங்கள்.

மழைக்காலம் வந்தால் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. நாம் காலண்டரில் பார்த்துவிட்டு, பூநாரை என்றால் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு கொக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே உள்ள பிள்ளைகளுக்கு உண்மை தெரியும். தூரத்தில் நிற்கும்போது அது ஏறக்குறைய வெள்ளைதான். சிறகை விரித்து எழும்பும்போதுதான் உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பு 'பளிச்'சென்று தெரிகிறது. அது தின்னும் பாசியிலும் கூனிப் பூச்சிகளிலும் உள்ள சத்துத்தான் இறகுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறதாம். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் அந்தப் பறவையின் கழுத்து வளைவை, தினம் பார்க்கிற பிள்ளை போடுவதற்கும், புத்தகத்தைப் பார்த்துப் போடுகிற பிள்ளை போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதும் அவர்களுக்கு ஏரிக்கரைக் காட்சிதான். சந்திரயான்-3 புறப்பட்ட 2023 ஜூலை 14-ஆம் தேதி நாமெல்லாம் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். கரையில் நிற்கிறவர்களுக்கு முதலில் வெளிச்சம். சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வந்து மார்பில் மோதும். புகைத் தடம் நேர்கோடாக நிற்பதில்லை. மேற்காற்றில் கோணிக் கலைந்து போகும். அன்றைக்கு மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று உத்தரவும் உண்டு. ஆகவே ஆகாயத்தில் ராக்கெட், கரையில் சும்மா நிற்கும் படகுகள். இந்தப் படத்தை நகரத்துப் பிள்ளை எங்கேயிருந்து போடும்?

இன்னும் இருக்கிறது. ஏரியின் பெரும் பகுதியில் ஆழம் குறைவு. ஆகையால் கழியை ஊன்றித் தள்ளியே படகை நகர்த்தலாம். யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை மீனவ கிராமத்தார் தங்களுக்குள்ளேயே முறை வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். 'பாடு' என்று அதற்குப் பெயர். பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளுக்கும் கூடைகளுக்கும் நல்ல கீர்த்தி உண்டு. 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் கல்லறைகள், மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களோடு அங்கே இருக்கின்றன. பாரம்பரியம் வேண்டுமா, பசுமை வேண்டுமா, எதற்குப் பஞ்சம்?

அந்தக் கரையோரத்தில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பெயர் எதற்கு? பள்ளிக்கூடத்துப் போட்டியில் ஜெயித்திருந்தாள். என்ன வரைந்தாய் என்று கேட்டேன். வழக்கமான பூமி உருண்டைதான். கண்ணீர் ஒரு சொட்டுக் கூடுதல். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கணக்குப் போட்டுக் கிறுக்கியிருந்த இடத்துக்கு நடுவே, பென்சிலால் வேறு ஒரு சித்திரம் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஸ்திரீ நிற்கிறாள். ஓலையால் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருக்கிறாள்.

எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கங்களில் இருளர் பெண்கள் இப்படித்தான் இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போட்டுக்கொள்வது. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பறி வாய்க்குப் போய்விட்டது.

"இது யாரம்மா?" என்றேன்.

"எங்க அம்மா. அது போட்டிக்கு இல்லக்கா, சும்மா போட்டது" என்று சொல்லி நோட்டைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள்.

தாயாரும் பக்கத்தில்தான் இருந்தாள். "என்னைப் போயி வரைஞ்சு வெச்சிருக்குது பாருங்கம்மா! வாயில பறிய வெச்சிக்கினு நிக்கறது ஒரு படமா? நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாங்க?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டபிறகு, அவளே நோட்டை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கை இப்படி இருக்காது, பாப்பா. ரெண்டு கையும் அடியிலதான் இருக்கும், தோளு வரைக்கும் தண்ணி வரும். நீ என்னா தண்ணியப் பாக்கற மாதிரி போட்டிருக்க? தண்ணியப் பாத்து இன்னா தெரியும்? கலங்கலா இருக்கும். கண்ணு எங்கியோ பாக்கும். வெரலுதான் எறாவப் பாக்கும்."

பெண் ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்தாள். கண்ணை அழித்து, முகத்தைச் சற்று அப்பால் திருப்பிப் போட்டாள். தோளை இறக்கினாள். அவ்வளவுதான், பென்சில் படத்தில் இருந்த ஸ்திரீ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டாள்! இதைவிட நல்ல சித்திரப் பாடம் எந்தக் கலாசாலையில் சொல்லிக் கொடுக்கப்போகிறார்கள்?

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்தியது ஒன்றுதான். அவளுக்கு வரையத் தெரிந்திருந்தது. எதை வரைவது என்பதும் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் "போட்டிக்கு இல்லை" என்ற ஒரு தீர்ப்பை யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தன் ஏரியும் தன் தாயாரும் கடைசிப் பக்கத்துக்கு. கண்டறியாத மலையும் கண்ணீர் விடும் உருண்டையும் பரிசுக்கு! ஒரு பெண் பதினாலு வயசில் இப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டால், பிற்பாடு தன் ஊரையே கடைசிப் பக்கத்தில் தள்ளிவிட மாட்டாளா? ஏரியோ, அப்படியே இருக்கப் போவதாகவும் தெரியவில்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் ஏறுவதும் வடிவதும் தடைப்படுகிறது. இறாலும் மீனும் குறைகின்றன. இதற்காக மீனவ ஜனங்கள் எத்தனையோ வருஷங்களாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். 'சுற்றுச்சூழல்' என்ற தலைப்புக்கு அந்தப் பெண்ணின் கடைசிப் பக்கத்தைவிடப் பொருத்தமான படம் வேறு எது?

இதற்கெல்லாம் உபாத்தியாயர்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். ஆனால் அவர்கள் நிலைமையைக் கேளுங்கள். சித்திரம், உடற்பயிற்சி, கைத்தொழில் இவற்றைச் சொல்லிக் கொடுப்பதற்காக நம் ராஜ்யத்தில் 2012-ஆம் வருஷம் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அது படிப்படியாக ஏறி 2024-ல் 12,500 ரூபாய் ஆயிற்று. வாரத்தில் மூன்று அரை நாள் வருகிற ஒருவர், எத்தனை வகுப்புகளுக்கு, எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்? டிராயிங் மாஸ்டரே இல்லாத இடத்தில் தமிழம்மாவோ கணக்கு வாத்தியாரோதான் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தாக வேண்டும். அவர்கள் பாவம், போன வருஷம் எந்தப் படம் பரிசு வாங்கியது என்று விசாரிக்கிறார்கள். அதையே இந்த வருஷமும் போடச் சொல்கிறார்கள். நடுவர்களும் பூமி உருண்டையைக் கண்டு அலுத்துப்போகாமல் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தச் சக்கரம் எப்படி நிற்கும்? மாற்ற வேண்டும் என்றால் ஓர் எளிய வழி உண்டு. தலைப்பைக் கொடுக்கிறவர்கள், "உன் ஊரில் நீ கண்ணால் கண்டதை மட்டும் வரை" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். சர்க்காருக்கு ஒரு காசு செலவில்லை.

வர்ணத்துக்கு மட்டும் செலவு உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேயானும் வர்ணப் பென்சிலும் சர்க்காரே இலவசமாகக் கொடுக்கிறது. மேல் வகுப்புக்கு வந்தால் ஜியோமிதிப் பெட்டியும் அட்லஸும் கிடைக்கின்றன. வர்ணப் பெட்டி நின்றுபோகிறது. வரையும் கை தேறி, வர்ணம் உண்மையிலேயே தேவைப்படுகிற வயசில் பார்த்து! ஏரிக்கரைப் பிள்ளைகள் பெரும்பாலும் பென்சிலோடு நின்றுவிடுகின்றன. அதுவும் ஒரு விதத்தில் நன்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைச் சிவப்பையும் கடைப் பச்சையையும் அப்பி மறைக்க வழியில்லாததால், கோடு நன்றாக வருகிறது.

"சித்திரம் சோறு போடுமா?" என்று கேட்காத தாயார் இல்லை. நியாயமான கேள்விதான். சென்னையில் ஒரு பழைய சித்திரக் கலாசாலை இருக்கிறது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் ஆரம்பித்தது அது. இன்று சர்க்கார் கவின் கலைக் கல்லூரியாக நடக்கிறது. கடற்கரையில் பாறையைப் புரட்டும் நாலு உழைப்பாளிகளின் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌதுரி நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தவர். ராஜாவையும் துரையையும் நிறுத்தி வைத்த அந்தக் கடற்கரையில் கூலிக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தியது அவர் கை. அவருக்குப் பின் தலைவராக இருந்த கே. ஸி. எஸ். பணிக்கர், 1966-ல் தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார். அந்தக் கலைஞர்களையும் சித்திரம் உடனே காப்பாற்றிவிடவில்லை. பத்திக் துணி, கைவினைப் பொருள்கள் எல்லாம் செய்து விற்று ஜீவனம் நடத்திக்கொண்டே அவர்கள் படம் வரைந்தார்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பன்னிரண்டாவது முடித்தவர்கள் சேரலாம். சித்திரம், சிற்பம் மட்டுமல்ல. துணிகளுக்கான கோலம், மண்பாண்டக் கலை என்று பிழைப்புக்கு ஏற்ற பிரிவுகளும் அங்கே உண்டு. சேர்க்கும்போது வரையச் சொல்லிப் பார்க்கிறார்கள். இந்த விவரம் எத்தனை ஹைஸ்கூல் பெண்களுக்குத் தெரியும்? மாம்பலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

நகரத்துச் சகோதரிகள், "இது ஏரிக்கரை விஷயம், நமக்கென்ன?" என்று அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவிவிட வேண்டாம். உங்கள் வீட்டு மாடியில் வடாம் காய்கிறது. கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் காக்கையையும் ஒரு கண்ணால் கைபேசியையும் பார்த்தபடி பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். இதைவிடவா ஒரு படம் வேண்டும்? ஆனால் பிள்ளை இதை வரைந்துகொண்டு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "இதென்னடா, பாட்டிக்கு மூக்கு இப்படியா இருக்கு? நல்லதா ஒரு ஸீனரி போடேன்!" இரண்டு மலையும் ஒரு சூரியனும் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது தெரிகிறதா? மூக்கு கோணினால் கோணட்டும். "எங்கே பார்த்தாய் இதை?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை மூக்கைப் பார்த்து வரும். தப்பு இருந்தால், அந்த இறால் பிடிக்கும் தாயார் சொன்னாளே, அப்படித் தெரிந்ததைச் சொல்லுங்கள். குடையை எந்தக் கையில் பிடித்தால் தோள் வலிக்காது என்பது பாட்டிக்குத்தானே தெரியும்?

அந்தப் பெண்ணுக்கு அடுத்தாற்போல் வட்டாரப் போட்டி. அது கும்மிடிப்பூண்டியில். அதற்கு மேலே ஜில்லாவுக்குப் போவதென்றால் திருவள்ளூர். ரயிலில் போவதானால் முதலில் சென்னைப் பக்கம் வந்து, வேறு பாதையில் மாறித் திரும்பவும் மேற்கே போக வேண்டும். ஏரிக்கரையிலிருந்து கிளம்பும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் யாத்திரை. கூட யார் போவது என்பதுதான் அந்த வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. தாயார் போனால் அன்றைக்கு ஏரியில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. "டீச்சரு யாராச்சும் கூட்டிக்கினு போயி, பொழுதோட கொண்டாந்து வுட்டா அனுப்பறேம்மா" என்றாள்.

"எந்தப் படம் போடப் போறே?" என்று பெண்ணைக் கேட்டேன்.

அவள் தாயாரின் முகத்தைப் பார்த்தாள். தாயார், "என்னைக் கேட்டா? அதுங்கையிலதானே பென்சிலு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பறியை உதறி, வேலியில் காயப்போடப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். அங்கே சித்திரத்துக்கென்று ஆள் இல்லை. தமிழம்மாதான் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அவர் அதற்குள் கும்மிடிப்பூண்டிக்கு விடியற்கால பஸ் எத்தனை மணிக்கு, திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்திருந்தார்.